காதில் சொன்ன எடை

போன மாதம் எங்கள் பழைய வார்டிலிருந்து ஃபோன் வந்தது. டயாலிசிஸ் பிரிவுக்குப் புது எடை மெஷின் வந்திருக்கிறதாம். நோயாளி மேலே ஏறி நின்றால் சுவரில் சிவப்பு விளக்கில் எடை எரியுமாம். வாசலில் செருப்புக் கழற்றுகிறவர்கூடப் படிக்கலாமாம். பேசியது இப்போது அங்கே பொறுப்பில் இருக்கிற நர்ஸ் தேவி.

"வேதாம்மா, இங்க எல்லாரும் துண்ட போட்டு அந்த வெளக்க மூடிடுறாங்கமா. எடைய காதுலதான் சொல்றாங்க. புதுசா வந்த பொண்ணு ஏன்னு கேக்குறா, எனக்கே தெரியல. நீங்க இருந்தப்ப ஆரம்பிச்ச பழக்கம்னு சொல்லிக்கினு இருக்காங்க. கொஞ்சம் எழுதிக் குடுங்களேன், நம்ம ஆஸ்பத்திரி மலர்ல போட்டுடலாம்."

எனக்கு எழுத்து மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஒரு பக்கம் எழுத ஒரு நாள் ஆகும். என்றாலும் இந்த விஷயத்தை நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவதில் எனக்கு விருப்பமில்லை. பிழைகளை மட்டும் என் மருமகள் திருத்தியிருக்கிறாள்.

நான் வேலைக்குச் சேர்ந்தது பிரசவ வார்டில். தரை துடைத்தேன், துணி அலசினேன், பிறகு பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு சோப்புத் தண்ணீர் எனிமா கொடுக்கக் கற்றுக்கொண்டேன். எல்லாரும் ஆயா என்பார்கள். எனக்கு அது பிடிக்காது. "எனக்குப் பேரு வச்சிருக்காங்க, வேதவல்லி" என்று டாக்டர்களிடமே சொல்லியிருக்கிறேன். டயாலிசிஸ் பிரிவு திறந்தபோது ஆறு கட்டில், ஆறு மெஷின். அங்கே ஆள் வேண்டும் என்றார்கள். ரத்தம் பார்த்துப் பயப்படாதவள் என்று என்னை அனுப்பினார்கள்.

அங்கே தலைமை நர்ஸ் எஸ்தர் சிஸ்டர். ஒல்லியான உடம்பு, சத்தமே இல்லாத பேச்சு. அவர் பேசினால் பக்கத்தில் போய்த்தான் கேட்க வேண்டும். அதனாலேயே எல்லாரும் பக்கத்தில் போனோம். யாரையாவது திட்ட வேண்டுமானால் "கை கழுவிட்டு வா" என்பார். போய்க் கழுவிக்கொண்டு திரும்பி வருவதற்குள் நாம் செய்த தப்பு நமக்கே தெரிந்துவிடும்.

என் வேலை எடை பார்ப்பது. அதை லேசான வேலை என்று நினைக்கக் கூடாது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குச் சிறுநீர் போவதில்லை, போனாலும் கொஞ்சம்தான். குடித்த தண்ணீர், சோற்றில் இருக்கிற நீர், குழம்பு, மோர் எல்லாம் உடம்பிலேயே தங்கும். போன முறை டயாலிசிஸ் முடிந்து இறங்கியபோது இருந்த எடைக்கும் இன்றைக்கு இருக்கிற எடைக்கும் எவ்வளவு வித்தியாசமோ, அவ்வளவு தண்ணீரை இன்றைக்கு எடுக்க வேண்டும். எடை தப்பினால் எல்லாம் தப்பும். அதனால் செருப்பு கழற்ற வேண்டும், துண்டு, சாவிக்கொத்து, மூக்குக் கண்ணாடிப் பெட்டி, செல்ஃபோன் எல்லாம் கீழே வைக்க வேண்டும். போன முறை வேட்டி என்றால் இந்த முறையும் வேட்டிதான். கைப்பிடியைத் தொடாமல் நிற்க வேண்டும். முள் நின்ற பிறகுதான் படிக்க வேண்டும்.

எனக்கு எழுத்து தடுமாறும், எண் தடுமாறாது. ஐம்பத்து நாலு அறுநூறு என்றால் அறுநூறுதான், ஐநூறு அல்ல. அந்த வார்டில் நான் படிக்கத் தெரிந்தவளாக நின்ற இடம் அந்த எடை மெஷின் பக்கம்தான். அதனால் சத்தமாகப் படிப்பேன்.

சத்தமாக மட்டுமா? "பாருங்க, நாலு கிலோ கூட! ஏரியவே குடிச்சிட்டு வந்துட்டாரு" என்பேன். கட்டிலில் படுத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். எடை ஏறாமல் வந்தவரை, "இவர பாத்துக் கத்துக்குங்க" என்பேன். பயம் இருந்தால் தண்ணீர் குறைப்பார்கள் என்று நம்பினேன். சிலர் குறைக்கவும் செய்தார்கள். எஸ்தர் சிஸ்டர் இரண்டு முறை சொன்னார்: "வேதா, என் காதுல சொல்லு போதும்." நான் தலையை ஆட்டிவிட்டு மறுநாளும் சத்தமாகத்தான் சொன்னேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த நோயாளிகள் எல்லாருக்கும் மலச்சிக்கல் இருக்கும். நமக்கு அது வந்தால் நிறையத் தண்ணீர் குடிப்போம், வாழைப்பழம் சாப்பிடுவோம், கீரை சாப்பிடுவோம். இவர்களுக்குத் தண்ணீர் கூடாது, பழத்துக்கும் கீரைக்கும் அளவு உண்டு. போதாததற்குத் தினமும் விழுங்குகிற மாத்திரைகளில் சில வயிற்றை இறுக்கிவிடும். ஒருநாள் ஒரு கிழவருக்கு ஆறு நாளாகப் போகவில்லை. பிரசவ வார்டிலிருந்து ரெடிமேட் எனிமா பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன், அங்கே கைதேர்ந்தவள் அல்லவா. எஸ்தர் சிஸ்டர் என் கையிலிருந்து பாட்டிலை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல உப்பு இருக்கு வேதா. நம்ம உடம்புல கொஞ்சம் ஏறினா கிட்னி வெளிய தள்ளிடும். இவருக்கு யாரு தள்ளுவா?"

டாக்டரைக் கேட்டு, இவர்களுக்கு ஒத்துக்கொள்கிற இனிப்புப் பாகு மருந்து ஒன்றை எழுதி வாங்கினார். அன்றிலிருந்து அந்தப் பாட்டிலை நான் தொடவில்லை. பாட்டிலைத் தள்ளி வைக்கக் கற்றுக்கொண்டேனே தவிர, கடையில் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிற பொட்டலத்தை நான் நினைக்கவே இல்லை.

இனி ஏகாம்பரத்தைப் பற்றி.

பிள்ளையார்பாளையத்துக்காரர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். பட்டுத் தறியில் உட்கார்ந்தவர். இடது கையில் டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்த பிறகு தறியில் உட்கார வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் வீடு வீடாகப் போய்த் தறிகளுக்குப் பாவு நூல் இணைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்க்கிற வேலை, ஆயிரக்கணக்கில் இழை இருக்கும். அவர் விரல்களைப் பார்த்தால் அந்த வேலைக்கென்றே செய்ததுபோல் இருக்கும். திங்கள், வியாழன் இரண்டு நாளும் அவர் மனைவி சாரதாவோடு வருவார்.

முதல் மாதம் ஒருநாள் மூன்றரைக் கிலோ கூட வந்தார். நான் வழக்கம்போல் வார்டுக்கே அறிவித்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அம்மா, பட்டும் ஜரிகையும் எட போட்டுத்தான் எங்கிட்ட குடுப்பாங்க. சேலைய எட போட்டுத்தான் வாங்குவாங்க. முப்பது வருஷத்துல என் சேலை எடையில ஒருத்தன் வாய தொறந்தது இல்ல. கொறஞ்சா திருட்டு, கூடினா தண்ணி தெளிச்ச சேலைன்னு அர்த்தம். நீங்க இன்னாடான்னா என்னையே தண்ணி தெளிச்ச சேலையாக்கிட்டீங்க."

"தண்ணிய தெளிக்கலயே, உள்ளதான ஊத்திக்கினீங்க" என்றேன். வார்டு சிரித்தது. அவரும் கொஞ்சம் சிரித்தார். நான் அதோடு மறந்துவிட்டேன்.

அதற்கப்புறம் அவர் எடை ஏறவே இல்லை. ஒரு கிலோ, ஒன்று இருநூறு, அதற்குமேல் வராது. நான் அவரை மற்றவர்களுக்குக் காட்டிக் காட்டிப் புகழ்ந்தேன். அவரும் மெஷின்மேல் நிமிர்ந்து நிற்பார். இரண்டு மாதம் இப்படிப் போனது. நடுவில் ஒருநாள், "இவரு எப்பவும் தூங்கிக்கினே இருக்காருமா" என்று சாரதா சொன்னாள். வயசாகுதில்ல என்றேன்.

ஒரு வியாழன் அவர் வரவில்லை. ஒரு முகூர்த்தச் சேலைக்குப் பாவு இணைக்க வேண்டும், ஆள் கிடைக்கவில்லை என்று போய்விட்டாராம். அடுத்த திங்கள் காலையில் சாரதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கால் தரையில் இழுபட்டது. மெஷின்மேல் ஏற்றினோம். ஒரு கிலோ முந்நூறு. அவ்வளவுதான்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "எல்லாரும் பாருங்கய்யா! ஒரு தடவ வராமயே எட ஏறாம வந்திருக்காரு. இவரு மனுஷன்!" என்று கத்தினேன்.

எஸ்தர் சிஸ்டர் வந்து முள்ளைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

"வேதா, ஏழு நாளா மெஷின்ல போடல. இவருக்குச் சிறுநீரும் போறதில்ல. தண்ணி எங்க போச்சு?"

நான் எடையைத் தப்பாகப் படித்தேன் என்கிறாரா என்று எனக்குச் சுருக்கென்றது. "சரியாத்தான் படிச்சேன் சிஸ்டர், நீங்களே பாருங்க" என்றேன். "நீ சரியாத்தான் படிச்ச" என்றார். அவர் கண் ஏகாம்பரத்தின் மேலேயே இருந்தது.

கட்டிலில் படுக்க வைத்தோம். கண் இமை பாதிக்குமேல் திறக்கவில்லை. பெயர் கேட்டால் நாக்கு குழறியது. டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் கை நரம்பு தடிக்க அமுக்கச் சொல்லி ஒரு ரப்பர் பந்து கொடுப்போம். அதை அவர் உள்ளங்கையில் வைத்தேன். விரல் மூடவில்லை. பந்து உருண்டு தரையில் விழுந்தது. இழை முறுக்குகிற விரல்கள் அவை. எனக்கு முதன்முறையாகப் பயம் வந்தது.

ரத்த அழுத்தம் கீழே போயிருந்தது, நாடி மெதுவாக அடித்தது. டாக்டர் ஓடி வந்தார், இளவயதுக்காரர். முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினார், கால் துள்ளவில்லை. மறு காலிலும் தட்டினார், அதுவும் துள்ளவில்லை. மூளையில் அடைப்பாக இருக்கலாம் என்றார். "பிரஷர் இவ்ளோ கம்மியா இருக்கும்போது மெஷின்ல போட முடியாது. முதல்ல ஸ்கேனுக்கு அனுப்புவோம், ஆம்புலன்ஸ் சொல்லுங்க" என்றார். மூச்சு மேலோட்டமாக ஆகிக்கொண்டே போனது. எஸ்தர் சிஸ்டர் ஏகாம்பரத்தின் நெஞ்சின்மேல் கையை வைத்து எண்ணிக்கொண்டிருந்தார்.

ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்கு முன்னால் வேட்டி மாற்றச் சொன்னார்கள். அது என் வேலை. திரை இழுத்துவிட்டு வேட்டியை உருவினேன். பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. வெறும் தண்ணீர், சோற்றின் நிறம்கூட இல்லை. இருபது வருஷம் இந்த வேலை பார்த்தவளுக்கு அது தெரியாமல் போகாது. நோயில் வருகிற பேதி வேறு, மருந்து குடித்து வருகிற பேதி வேறு. கையுறை போட்ட கையை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு திரைக்கு வெளியே வந்து, சாரதாவை மூலைக்கு இழுத்தேன்.

"இவருக்கு இன்னா குடுத்த?"

"ஒன்னும் இல்லமா."

"சாரதா, அவரு மூச்சு நின்னுக்கினு வருது. பேதிக்கு இன்னா குடுத்த?"

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "பேதி உப்புமா. நாட்டு மருந்துக் கடையில விக்குதே, அதுதான். தறி ஓடாத நாளுல எங்க வீட்டுல எல்லாரும் சாப்பிடுறதுதான். கெடுதல் இல்லாத சரக்குனு எங்க மாமியாரே குடுப்பாங்க."

"எத்தன தடவ?"

"இங்க வர்றதுக்கு மொத நாளு சாயங்காலம் எப்பவும். இந்த தபா ஒரு நாளு விட்டுப் போச்சே, எட ஜாஸ்தியா காட்டும்னு வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளும் கரைச்சுக் குடிச்சாரு. நான் வேணாம்னேன். 'அந்த அம்மா மெஷின்கிட்ட நின்னுக்கினு இருப்பாங்க, அவங்க வாய்ல நான் விழ மாட்டேன்'னாரு."

அவள் யாரைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. அவளுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டாள்.

திரும்பிப் பார்த்தால் டாக்டர், சிஸ்டர், இரண்டு நர்ஸ், கட்டிலில் ஐந்து நோயாளிகள். ஆம்புலன்ஸ் தள்ளுவண்டி வாசலுக்கு வந்துவிட்டது. பேதி உப்பு சாப்பிட்டிருக்கிறார் என்று மட்டும் சொன்னால் போதும்தான். ஏன் என்று கேட்டால் மலச்சிக்கல் என்று சொல்லலாம், யாரும் நம்புவார்கள். என் பெயர் வெளியே வராது. அப்படி நினைத்தேன் என்பதை மறைக்க மாட்டேன். கட்டிலுக்குப் போகிற அந்த எட்டு பத்து அடியும் அதைத்தான் நினைத்துக்கொண்டு நடந்தேன்.

"டாக்டர், இவரு பேதி உப்பு சாப்பிட்டிருக்காரு. மூணு நாளா. அதுக்கு முன்னாடி ரெண்டு மாசமா, ஒவ்வொரு தடவையும்."

டாக்டர் நிமிர்ந்தார். "ரெண்டு மாசமாவா? எதுக்கு?"

"எட கொறச்சுக் காட்ட. நான் சத்தமா சொல்லி மானத்த வாங்குவேன்னு."

டாக்டர் என்னைப் பார்க்கக்கூட இல்லை, அவருக்கு அதற்கு நேரம் இல்லை. "மெக்னீசியம்" என்றார் சிஸ்டரிடம். "கால்சியம் எடுங்க. வண்டிய திருப்பி அனுப்புங்க. மெஷின் ரெடி பண்ணுங்க, இப்பவே." ரத்தம் பரிசோதனைக்குப் போனது. மெக்னீசியத்தை முறிக்கக் கால்சியம் ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். மூச்சுக்குக் குழாய் போடத் தயாராக எல்லாம் பக்கத்தில் வைத்தார்கள். சற்று நேரத்தில் ரத்த அழுத்தமும் நாடியும் கொஞ்சம் தேறின. அப்புறம் மெஷினில் சேர்த்தார்கள்.

நான் அந்த நாலு மணி நேரமும் அவர் கால்மாட்டில் நின்றேன். போகச் சொல்லுவார்கள் என்று நினைத்தேன், யாரும் சொல்லவில்லை. எஸ்தர் சிஸ்டர் மட்டும் ஒருமுறை பக்கத்தில் வந்தார். நான் இன்னும் உறையைக் கழற்றாமல் நிற்பதைப் பார்த்தார்.

"கை கழுவிட்டு வா வேதா" என்றார்.

கழுவினேன். வெகு நேரம் கழுவினேன்.

மூன்றாம் மணி நேரத்தில் ஏகாம்பரம் கண்ணைத் திறந்தார். நாலாவது மணி நேரத்தில் நான் மறுபடியும் பந்தை அவர் உள்ளங்கையில் வைத்தேன். விரல்கள் மெதுவாக மூடின. அமுக்கவில்லை, ஆனால் பந்து கீழே விழவில்லை.

டாக்டர் அப்புறம் எங்களைக் கூப்பிட்டு விளக்கினார். பேதி உப்பில் இருக்கிற மெக்னீசியம் குடலிலிருந்து கொஞ்சம் ரத்தத்தில் ஏறும். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அது வெளியே போய்விடும். இவர்களுக்கு வழியில்லை, சேர்ந்துகொண்டே போகும். முதலில் தூக்கம், தளர்ச்சி வரும். அப்புறம் தசை வேலை செய்யாது. ரத்த அழுத்தம் விழும், மூச்சு நிற்கும், இதயமும் நிற்கலாம். வயிற்றெரிச்சலுக்கும் மலத்துக்கும் குடிக்கிற வெள்ளை மருந்து சிலவற்றிலும் இதே சரக்கு உண்டு. சில எனிமா பாட்டில்களில் இருக்கிற பாஸ்பேட் உப்பும் இவர்களுக்கு ஆபத்துதான். கடையில் கேட்டு வாங்குவது எதுவாக இருந்தாலும், கெடுதல் இல்லாத சரக்கு என்று யார் சொன்னாலும், தன்னையோ இங்கே இருக்கிற நர்ஸையோ கேட்காமல் வாயில் போடக் கூடாது என்றார். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் சிறுநீரக நோயாளி இருந்தால் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது இன்னொரு முறை படியுங்கள்.

நாலைந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த திங்கள் வந்தார். நான் மெஷின் பக்கத்தில்தான் நின்றேன். வேலையை மாற்றிக் கொடுங்கள் என்று சிஸ்டரிடம் கேட்டிருந்தேன், அவர் மாட்டேன் என்றுவிட்டார்.

செருப்பைக் கழற்றினார், சாவியைக் கீழே வைத்தார், ஏறினார். முள் நின்றது. மூன்று கிலோ நானூறு கூட. அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கட்டில்களில் இருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். எல்லாருக்கும் கதை தெரியும். என் வாய்க்காக அத்தனை பேரும் காத்திருந்தார்கள்.

நான் கிட்டே போய் அவர் காதில் சொன்னேன். "மூணு நானூறு."

அவர் கண்ணைத் திறந்தார். அவரும் மெதுவாகத்தான் பேசினார். "மோரு. ரெண்டு நாளா மோரா குடிச்சுட்டேன்."

"சரி."

"திட்டலயா?"

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் நின்றேன். வாய் வரைக்கும் வந்தது. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது, யாரிடமும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட. அதற்குப் பதில் வேறு ஒன்று வந்தது.

"வெளிக்குப் போச்சா?"

"மூணு நாளாச்சு" என்றார் வெட்கத்தோடு.

"வாங்க, சிஸ்டர்கிட்ட சொல்லி மருந்து கேப்போம். வேற எதுவும் வீட்ல இருக்குதா?"

"சாரதா தூக்கிப் போட்டுட்டா."

அன்றிலிருந்து யார் ஏறினாலும் எடையைக் காதில் சொன்னேன். கூடவே அந்தக் கேள்வியையும் கேட்டேன். அந்தக் கேள்விக்கு வந்த பதில்களை எழுதினால் இந்த மலர் போதாது. ஒருவர் வெள்ளை மருந்து பாட்டிலையே மடியில் வைத்திருந்தார். ஓரிக்கையிலிருந்து வந்த ஓர் அம்மா பெயர் தெரியாத சூரணப் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினார். சத்தமாகக் கேட்டிருந்தால் ஒருவரும் காட்டியிருக்க மாட்டார்கள்.

ஏகாம்பரம் அதற்கப்புறம் நாலு வருஷம் வந்தார். சில நாள் ஒன்றரைக் கிலோ, சில நாள் நாலு. எதுவாக இருந்தாலும் காதில்தான். கடைசியில் இதயம் நின்றுதான் போனார், தூக்கத்தில், வீட்டில். அதில் உப்புக்கு வேலை இல்லை என்று டாக்டர் சொன்னார். நான் இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் அதையேதான் சொன்னார்.

காரியம் முடிந்து சாரதா அவருடைய ஃபைலைக் கொடுக்க வந்தாள். மெஷின் பக்கத்தில் என்னோடு கொஞ்ச நேரம் நின்றாள்.

"உங்க பேச்சுதான்மா எப்பவும். வீட்டுக்கு வந்ததும் சொல்லுவாரு. 'அந்த வேதாம்மா இருக்காங்களே, ஊருக்கெல்லாம் கத்துவாங்க, எனக்கு மட்டும் காதுல சொல்றாங்க'ன்னு. அதுல அவருக்கு ஒரு பெரும."

எல்லாருக்கும் அப்படித்தான் சொல்கிறேன் என்று நான் அவளிடம் சொல்லவில்லை.